வெளியே நின்றவன்

எழுத்தாளன் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் வரும் சங்கடங்களில் ஒன்று, அவனைப் பிடித்துத் தலைமை வகிக்கச் சொல்வது. கதை கட்டத் தெரிந்தவனுக்குச் சகலமும் தெரிந்திருக்கும் என்று ஜனங்கள் எப்படித்தான் முடிவு கட்டினார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். சங்கீத சபை ஆண்டு விழாவிலிருந்து மாட்டுக் கண்காட்சி வரையில் நான் தலைமை வகித்தாயிற்று. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே பேச்சைத்தான் பேசினேன். இரண்டு இடத்திலும் கை தட்டினார்கள்.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு மாணவர்கள் வந்தார்கள். பட்டிமன்றம் வைத்திருக்கிறார்களாம்; நான் நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்.

"தலைப்பு என்ன?" என்று கேட்டேன்.

"உலகம் முழுவதும் அமைதியான வழியில் ஒரே அரசின் கீழ் ஒன்றுபட முடியுமா, முடியாதா?"

எனக்குச் சற்றுத் தலை சுற்றியது. எங்கள் தெருவிலுள்ள பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ஒன்றுபட்டு ஒரு சாக்கடை அடைப்பை எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தால், அநுபவத்தைக் கொண்டு அங்கேயே தீர்ப்புச் சொல்லியிருப்பேன். உலக அரசைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் பையன்களின் முகத்தில் இருந்த ஆர்வத்தைப் பார்த்த பிறகு மறுக்க மனம் வரவில்லை.

'முடியாது' என்ற கட்சிக்காரர்கள் முதலில் நன்றாகவே வெளுத்துக் கட்டினார்கள். அசோகன் கலிங்கத்தில் எத்தனை பேரைக் கொன்ற பிறகு சாந்தம் அடைந்தான் என்றார்கள். சீனத்தை கி.மு. 221-ல் ஒன்றாக்கிய முதல் சக்கரவர்த்தி ஆறு ராஜ்யங்களை வாளால் அழித்துத்தானே ஒன்றாக்கினான் என்றார்கள். எதிர்க் கட்சியில் கடைசியாக எழுந்தவன் ஓர் ஒல்லிப் பையன். குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"சண்டையில்லாமல் ஒன்றுபட்டதே கிடையாது என்கிறார்கள் என் நண்பர்கள். 1787-ல் அமெரிக்காவில் 13 ராஜ்யங்கள் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து பேசியே ஒன்றாகவில்லையா? ஒருவரை ஒருவர் சுட்டுக் கொண்டார்களா? 13 பேரால் முடிந்தது 193 பேரால் ஏன் முடியாது?" என்று அவன் கேட்டபோது மண்டபம் அதிர்ந்தது. நானும் மனத்துக்குள் தீர்ப்பை எழுதிவிட்டேன்.

அப்போது எதிர் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அவளுடைய முறை முன்பே முடிந்திருந்தது. "ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா, சார்?" என்றாள்.

"கேளம்மா" என்றேன்.

"அந்த மண்டபத்தில் பேசினவர்களுக்குச் சாப்பாடு பரிமாறினது யார்?"

சிலர் சிரித்தார்கள். பையன் விழித்தான். மணி அடித்துவிட்டது. நான் எழுந்து, இரு தரப்பும் திறமையாக வாதாடியது, இருவருமே வென்றார்கள் என்று நடுவர்கள் தப்பித்துக் கொள்ளும் வழியில் தப்பித்துக் கொண்டு, மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்வி வேடிக்கைக் கேள்வி அல்ல என்று பாதி ராத்திரியில்தான் எனக்கு உறைத்தது. அன்று நான் சொல்லாமல் விட்ட தீர்ப்பைத்தான், நேயர்களே, இன்று இங்கே எழுத முயல்கிறேன்.

*

முதலில் அந்த ஒல்லிப் பையனுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். அவன் சொன்னதில் பொய் இல்லை.

1776-ல் சுதந்திரப் பிரகடனம் செய்து, ஏழெட்டு ஆண்டு பிரிட்டிஷாருடன் போராடி, 1783-ல் பாரிஸ் உடன்படிக்கையின் மூலம் விடுதலை பெற்ற அந்த 13 ராஜ்யங்களும் உண்மையில் ஒரு தேசமாக இல்லை. அவற்றுக்கிடையே ஒரு கூட்டு ஒப்பந்தம் இருந்தது. 1781-ல் அமலுக்கு வந்த அந்த ஒப்பந்தத்தின்படி ஒரு பொதுச் சபையும் இருந்தது. அந்தச் சபை போர் தொடுக்கலாம், சமாதானம் செய்யலாம், ஆனால் ஒரு காசு வரி போட முடியாது. செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் 13 ராஜ்யங்களிடமும் கை நீட்ட வேண்டும். மனம் இருந்தால் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் கையை விரிப்பார்கள்.

இறக்குமதிச் சரக்கின் மேல் நூற்றுக்கு 5 வீதம் சுங்கம் போட அனுமதி கொடுங்கள் என்று சபை 1781-ல் கேட்டது. ஒப்பந்தத்தைத் திருத்த 13 பேரும் இசைய வேண்டும். எல்லாவற்றிலும் மிகச் சிறிய ராஜ்யமான ரோட் ஐலண்ட் முடியாது என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான், திட்டம் குப்பைக்குப் போயிற்று.

அண்டை ராஜ்யங்களுக்குள் நடந்த சண்டைகளைப் படித்தால் நம் ஊர்ப் பங்காளிச் சண்டைகள் தேவலை என்று தோன்றும். நியூஜெர்சியிலிருந்து வரும் படகுகளுக்கு நியூயார்க் வரி போட்டது. நியூஜெர்சிக்காரர்கள் பார்த்தார்கள். நியூயார்க்குக்குச் சொந்தமான ஒரு கலங்கரை விளக்கம் நியூஜெர்சியின் மண்ணில், ஸாண்டி ஹூக் என்னும் முனையில் இருந்தது. "அப்படியா சேதி?" என்று அந்த விளக்கின்மேல் ஒரு வரியைப் போட்டார்கள்! கடலில் வரும் கப்பலுக்கெல்லாம் பொதுவாக வழிகாட்டும் வெளிச்சத்துக்கு வரி!

இதற்கிடையில் மாஸசூஸெட்ஸில், போரில் காப்டனாக இருந்த டேனியல் ஷேஸ் என்பவரின் தலைமையில் கடன்பட்ட விவசாயிகள் 1786-ல் கலகம் செய்தார்கள். நிலத்தை ஏலம் போடும் கோர்ட்டுகளை நடக்க விடாமல் தடுத்தார்கள். அடக்குவதற்கு ஒரு பட்டாளம் திரட்டப் பொதுச் சபையிடம் பணமில்லை. பணக்கார வியாபாரிகள் சந்தா போட்டுத்தான் அந்த ராஜ்யம் ஒரு சேனையைக் கூட்டியது.

இந்த அவமானமும் பயமும் சேர்ந்துதான் 55 பிரதிநிதிகளை 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூட்டின. ரோட் ஐலண்ட் மட்டும் யாரையும் அனுப்பவில்லை. வாஷிங்டன் தலைமை வகித்தார். பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு வயது 81. எல்லாவற்றையும் குறிப்பெழுதிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜேம்ஸ் மாடிஸனுக்கு வயது 36. பேச்சு வெளியே போகக் கூடாது என்று கதவுகளில் காவல் போட்டு, கோடை வெயிலில் வெந்துகொண்டே பேசினார்கள். பழைய ஒப்பந்தத்தைத் திருத்தத்தான் அவர்களை அனுப்பினார்கள். அவர்களோ அதைக் கிழித்துவிட்டுப் புதிய அரசியல் சட்டத்தையே எழுதினார்கள்.

பெரிய ராஜ்யங்கள், ஜனத்தொகைக்குத் தக்கபடி ஓட்டு வேண்டும் என்றன. சிறிய ராஜ்யங்கள், ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற பழைய முறைதான் வேண்டும் என்றன. பல வாரம் இழுபறி. கடைசியில் ஜூலை 16-ம் தேதி, ஒரே ஓட்டு வித்தியாசத்தில் சமரசம் ஏற்பட்டது: ஒரு சபையில் ஜனத்தொகைப்படி பிரதிநிதிகள், மற்றொரு சபையில் ராஜ்யத்துக்கு இரண்டு பேர். வர்ஜீனியாவின் ஜனத்தொகை டெலவேரைப் போல் பத்து மடங்குக்கு மேல். ஆயினும் செனட் சபையில் இருவருக்கும் இரண்டே நாற்காலிதான்.

பிறகு இந்தச் சட்டத்தை ஒவ்வொரு ராஜ்யத்திலும் தனி மகாநாடு கூட்டி ஏற்க வேண்டியிருந்தது. மாஸசூஸெட்ஸில் 187-க்கு 168. நியூயார்க்கில் 30-க்கு 27. அடம் பிடித்த ரோட் ஐலண்ட், வியாபாரத்தையே நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டலுக்குப் பிறகு, 1790-ல் 34-க்கு 32 என்ற கணக்கில் உள்ளே வந்தது. நூலிழையில் வந்த வெற்றிகள்தாம். ஆனால் போர் மூளவில்லை. சக்கரவர்த்தி ஒருவனும் முளைக்கவில்லை.

ஆகவே, பையன் ஜெயித்தான். சுயேச்சையான அரசுகள் பேசிப் பேசியே ஒன்றாக முடியும். சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. 1948-ல் கார்ல் வான் டோரன் என்ற அமெரிக்க ஆசிரியர் இந்த மகாநாட்டின் கதையை ஒரு புத்தகமாக எழுதி, அதற்கு 'மாபெரும் ஒத்திகை' என்றே பெயர் வைத்தார். அமெரிக்கா நடத்தியது ஒத்திகைதான். உண்மையான நாடகம் உலக அரசு என்பது அவர் கருத்து. ஹிரோஷிமாவுக்குப் பிறகு வந்த அந்தச் சில ஆண்டுகளில் ஐன்ஸ்டைன் உள்பட எத்தனையோ பெரியவர்கள் உலக அரசு வேண்டும் என்று எழுதினார்கள், பேசினார்கள். வேறு வழியில்லை என்ற தவிப்பு அவர்களுக்கு.

*

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். பரிமாறியது யார்?

வாஷிங்டன் பிலடெல்பியாவுக்குத் தனியாக வரவில்லை. வில்லியம் லீ என்ற ஊழியரை உடன் அழைத்து வந்தார். ஊழியர் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். 1768-ல் வாஷிங்டன் அவரை விலைக்கு வாங்கியிருந்தார். சுதந்திரப் போர் நடந்த எட்டு ஆண்டும், தளபதியின் குதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு குதிரையில் சென்றவர் இந்த லீ. பனியிலும் பட்டினியிலும் கூட இருந்தவர். 1785-ல் நில அளவைக்குச் சங்கிலி பிடித்துப் போகும்போது விழுந்து முழங்கால் சில்லு உடைந்து, அதன் பிறகு நொண்டி நடந்தவர். அமெரிக்காவின் சுதந்திரத்துக்காக அந்த மண்டபத்தில் இருந்த பலரைவிட அதிகமாக உழைத்தவர் என்று சொன்னால் தவறாகாது.

அந்த நான்கு மாதங்களில் ஒரு நாளாவது, மண்டபத்துக்குள் நடந்த பேச்சில் அவருக்கு இடம் இருந்ததா? இல்லை. பிரதிநிதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் அடிமைகளுக்குச் சொந்தக்காரர்கள். அந்த அடிமைகளைப் பற்றிப் பேச்சு வராமல் இல்லை, நிறையவே வந்தது. எப்படி வந்தது என்று பாருங்கள்.

பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்காக ஜனத்தொகையைக் கணக்கிடும்போது அடிமைகளைச் சேர்ப்பதா, கூடாதா என்று வழக்கு. தெற்கு ராஜ்யங்கள் சேர்க்க வேண்டும் என்றன. அவர்களுக்கு ஓட்டுக் கொடுப்பதற்காக அல்ல, அவர்கள் தலையைக் காட்டித் தங்களுக்கு அதிக நாற்காலி வாங்குவதற்காக. கடைசியில் ஓர் அடிமை ஐந்தில் மூன்று பங்கு மனிதன் என்று முடிவாயிற்று! அடிமை வியாபாரத்தை 1808-க்கு முன் தடுப்பதில்லை என்பது இரண்டாவது முடிவு. ஒரு ராஜ்யத்திலிருந்து தப்பி இன்னொரு ராஜ்யத்துக்கு ஓடிய அடிமையைச் சொந்தக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது மூன்றாவது. இத்தனையும் செய்தார்கள்; ஆனால் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லை எழுத மட்டும் அவர்களுக்குக் கை வரவில்லை. வேறு வேறு சொற்களால் சுற்றி வளைத்து எழுதினார்கள். சொல்லக் கூசும் காரியத்தைச் செய்யக் கூசாதது மனித சுபாவம் போலிருக்கிறது.

1790-ல் எடுத்த முதல் கணக்கின்படி அந்தத் தேசத்து ஜனங்கள் 39 லட்சம் பேர். அவர்களில் ஏழு லட்சம் பேர் அடிமைகள். மண்டபத்துக்குள் இருந்தவர்களுக்குள் சமாதானம் ஏற்பட்டது உண்மை. அந்தச் சமாதானத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வெளியே இருந்த இந்த ஏழு லட்சம் பேர்.

விலை அதோடு முடியவில்லை. கையெழுத்தான 74-வது ஆண்டில், 1861-ல், பேசாமல் புதைத்து வைத்த அந்த வழக்கு பூமியைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. நான்கு ஆண்டுகள் உள்நாட்டுப் போர். இறந்தவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல். ஒரு துளி ரத்தம் சிந்தாமல் ஒன்றானார்கள் என்று பையன் சொன்னதை இப்போது எப்படி எடுத்துக்கொள்வது? ரத்தத்தைக் கடனாக எழுதி வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் வட்டியோடு கட்டினார்கள் என்றல்லவா சொல்ல வேண்டும்?

*

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். உலகம் முழுவதும் ஒன்றாக உட்காரப் பார்த்த இன்னொரு மண்டபத்துக்குப் போவோம். அங்கே நம்மவர்கள் உள்ளேயும் இருந்தார்கள், வெளியேயும் நின்றார்கள்.

1945 ஏப்ரல் மாதம் ஸான்பிரான்ஸிஸ்கோவில் 50 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஐக்கிய நாடுகள் சாசனத்தை எழுதினார்கள். இங்கேயும் பெரியவர்–சிறியவர் தகராறுதான். ஐந்து வல்லரசுகளுக்குத் தடை ஓட்டு என்றார்கள். அதாவது மற்ற எல்லாரும் சரி என்றாலும் ஐவரில் ஒருவர் தலையசைத்து மறுத்துவிட்டால் காரியம் நடக்காது. ஆஸ்திரேலியாவின் எவாட் முதலியவர்கள் இதை எதிர்த்து மூச்சு விடாமல் வாதாடினார்கள். அமெரிக்க செனட்டர் கானலி எழுந்தார். சாசனத்தின் நகலைக் கையில் எடுத்து, எல்லாரும் பார்க்கச் சுக்கு நூறாகக் கிழித்துப் போட்டார். தடை ஓட்டு இல்லாவிட்டால் சாசனமே இல்லை என்பது அதன் பொருள். பிலடெல்பியாவில் வர்ஜீனியா டெலவேருக்கு விட்டுக் கொடுத்தது. ஸான்பிரான்ஸிஸ்கோவில் பெரியவர்கள் குனியவில்லை, சிறியவர்கள் குனிந்தார்கள்.

அந்த மகாநாட்டில் இந்தியாவும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஆனால் இந்தியா அப்போது சுதந்திர நாடு அல்ல. பிரிட்டிஷ் இந்திய சர்க்காரின் பிரதிநிதியாகச் சாசனத்தில் கையெழுத்திட்டவர் சென்னையில் பெரும் புகழ் பெற்ற ஆற்காடு ராமசாமி முதலியார். மறு ஆண்டு ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூகக் கவுன்ஸிலுக்கு முதல் தலைவராக வந்தவரும் அவரே. அவருடைய திறமையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆயினும் அதே ஊரில், மகாநாட்டில் இடமில்லாமல், வெளியே கூட்டம் போட்டு இந்திய விடுதலைக்காகப் பேசிக்கொண்டிருந்த ஓர் அம்மையார் இருந்தார். விஜயலக்ஷ்மி பண்டிட்! சரித்திரத்தின் வேடிக்கையைப் பாருங்கள்: 1945-ல் கதவுக்கு வெளியே நின்ற அந்த அம்மையார்தான் 1953-ல் அதே ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்குத் தலைவரானார்.

ஐக்கிய நாடுகள் சபை பிறந்தபோது உலக ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 75 கோடிப் பேர், பிறர் ஆட்சியில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி உள்ளே பேசினார்கள், அவர்கள் பேசவில்லை. ஒருவேளை அன்றைக்கே ஓர் உலக அரசு ஏற்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம்மையும் ஐந்தில் மூன்று பங்கு மனிதர்களாகக் கணக்கெழுதி, அதற்கு ஒரு நாகரிகமான பெயரும் வைத்திருப்பார்கள்.

நம் தலைவர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 1942 ஆகஸ்டு 8-ம் தேதி பம்பாயில் நிறைவேறிய 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நம் எல்லாருக்கும் தெரியும். அதே தீர்மானத்தில், வருங்கால அமைதிக்குச் சுதந்திர நாடுகளின் உலகக் கூட்டாட்சி தேவை என்றும் சொல்லியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நேரு அதைப் பிரேரேபித்தார்; படேல் ஆமோதித்தார். மறுநாள் விடியற்காலையில் எல்லாரும் சிறைக்குப் போனார்கள். சிறைக் கதவு திறந்து காத்திருக்கும் வேளையில் உலகக் கூட்டாட்சியைப் பற்றி யோசித்த மனிதர்கள்! ஆனால் அவர்கள் போட்ட வரிசையைக் கவனியுங்கள்: முதலில் விடுதலை, பிறகு கூட்டாட்சி. அடிமை கூட்டாளி ஆக முடியாது என்பதை அடிமைதானே நன்கு அறிவான்?

*

"இதெல்லாம் பழைய கதை. அணுகுண்டு வந்தாயிற்று; இனிப் பயமே எல்லாரையும் ஒன்று சேர்த்துவிடும்" என்று சொல்லலாம். பயத்துக்கும் ஒரு பரீட்சை நடந்தது. 1946 ஜூன் 14-ம் தேதி பெர்னார்ட் பரூக் என்ற அமெரிக்கர், அணுசக்தி முழுவதையும் ஒரு சர்வதேச ஸ்தாபனத்தின் கையில் ஒப்படைக்கலாம் என்று திட்டம் கொண்டுவந்தார். மீறுகிறவனைத் தண்டிப்பதில் தடை ஓட்டுச் செல்லாது என்றும் சொன்னார். உலக அரசின் முதல் செங்கல் அது. ஆனால் கண்காணிப்பு முறை நன்றாக வேரூன்றிய பிறகுதான் எங்கள் குண்டுகளை விடுவோம் என்றது அமெரிக்கா. ஐந்தே நாளில் ரஷ்யாவின் குரோமிகோ எழுந்து, முதலில் குண்டுகளை அழியுங்கள், கண்காணிப்பைப் பிறகு பேசலாம் என்றார். 'நீ முதலில்', 'நீ முதலில்' என்று மூன்று ஆண்டு கழிந்தது. 1949 ஆகஸ்டில் ரஷ்யாவும் குண்டு வெடித்தது.

1787-லும் பயம் இருந்தது. ஆனால் அங்கே பயத்தோடு வேறொன்றும் இருந்தது. நான்கு ஆண்டுக்கு முன், வெற்றி பெற்ற சேனை முழுவதும் கைக்குள் இருந்த நேரத்தில், வாஷிங்டன் தம் தளபதிப் பதவியைச் சபையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இவர் கையில் அதிகாரம் கொடுத்தால் திரும்பி வரும் என்று ஜனங்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். குண்டு வைத்திருக்கும் எந்த வல்லரசும் உலகத்துக்கு அப்படி ஒரு நம்பிக்கையை இன்னும் கொடுக்கவில்லை.

சரி, ஒரு நாள் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எல்லாரும் உள்ளே வருகிறார்கள். யாரும் வெளியே நிற்கவில்லை. ஒரே கொடி, ஒரே சர்க்கார். அப்போதும் எனக்கு ஒரு பயம் உண்டு. அதைச் சொல்ல நான் நம் பக்கத்துக்கு வர வேண்டியிருக்கிறது.

1908-ல் சென்னையில் 'இந்தியா' பத்திரிகையின்மேல் சர்க்கார் பாய்ந்தபோது, சுப்பிரமணிய பாரதியார் எங்கே போனார்? புதுச்சேரிக்குப் போனார். 1910-ல் கல்கத்தாவை விட்ட அரவிந்தர் எங்கே வந்தார்? புதுச்சேரிக்கு. அதே ஆண்டு லண்டன் போலீஸின் கண்ணில் மண்ணைத் தூவிய வ. வே. சு. ஐயர் எங்கே வந்து சேர்ந்தார்? அதே புதுச்சேரிக்குத்தான். பிரெஞ்சுக்காரர்கள் தருமப் பிரபுக்கள் என்று சொல்ல வரவில்லை, அவர்களும் அந்நியர்கள்தாம். ஆனால் அது வேறு கொடி. பிரிட்டிஷ் போலீஸ்காரன் அந்த எல்லைக் கோட்டில் நின்றுவிட வேண்டியிருந்தது. பத்து ஆண்டு பொறுத்து, 1918-ல் பாரதியார் அந்தக் கோட்டைத் தாண்டியதும் கடலூரிலேயே கைதானார் என்பதை நினைத்தால், அந்தக் கோட்டின் மதிப்பு விளங்கும்.

உலகம் முழுவதும் அன்று ஒரே கொடியாக இருந்திருந்தால் புதுச்சேரி ஏது? அந்தப் பத்து ஆண்டில் அங்கே பிறந்த பாட்டுகள் ஏது?

அமெரிக்க அடிமைகளுக்கும் ஒரு புதுச்சேரி இருந்தது. அதன் பெயர் கனடா. வடக்கு ராஜ்யங்களுக்கு ஓடினால் சட்டம் துரத்திக்கொண்டு வந்து பிடிக்கும். ஐக்கியம் ஏற்பட்டதன் பலன் அது! ஆகவே எல்லையைத் தாண்டிக் கனடாவுக்கு ஓடினார்கள். அவர்களைக் காப்பாற்றியது ஐக்கியம் அல்ல. ஐக்கியத்துக்கு வெளியே ஓர் இடம் இருந்ததுதான். உலக அரசுக்கு வெளியே ஏது இடம்? சந்திரனுக்கா ஓடுவது? ஜெர்மன் தத்துவ ஞானி கான்ட், 1795-லேயே நிரந்தர அமைதியைப் பற்றி எழுதியபோது, உலகம் ஒரே முடியாட்சியாவதை விரும்பவில்லை. சுயேச்சையான நாடுகள் சேர்ந்த கூட்டுறவே போதும் என்றார். கிழவர் காரணமில்லாமல் சொல்லவில்லை.

*

அப்படியானால் என் தீர்ப்பு 'முடியாது' என்பதா? இல்லை.

உலகம் சில காரியங்களில் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டது, நாம் கவனிக்கவில்லை. 1874-ல் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடித் தபாலுக்கு ஒரு பொது ஏற்பாடு செய்தன. அதனால்தான் இங்கே ஒட்டிய தபால் தலையை மற்ற நாட்டுத் தபால்காரனும் மதித்து நம் கடிதத்தைக் கொண்டு போகிறான். அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, இரண்டும் உலக சுகாதார ஸ்தாபனத்தில் கூடி உழைத்தன. 1980-ல் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவிக்க முடிந்தது. நம் ஊரில் எத்தனை கண்களைப் பறித்த நோய் அது! இவை சண்டையில்லாமல் வந்த ஒற்றுமைகள். கிராமத்தில் வீடுகள் தனித்தனி, ஏரி பொது. வரப்புத் தகராறு எத்தனை இருந்தாலும், கரை உடைந்தால் எல்லாரும் மண்வெட்டி எடுக்கிறார்கள். அந்த மாதிரி ஒற்றுமை இன்னும் பெருகலாம்; பெருக வேண்டும்.

ஐரோப்பாவில் ஆறு நாடுகள் 1951-ல் நிலக்கரிக்கும் எஃகுக்கும் பொது நிர்வாகம் வைத்துத் தொடங்கிய உறவு, பிறகு ஐரோப்பிய யூனியனாக வளர்ந்தது. 2020-ல் பிரிட்டன் அதிலிருந்து வெளியேறியபோது மனஸ்தாபம் இருந்தது; துப்பாக்கி வெடிக்கவில்லை. போகிறவன் போக ஒரு வாசலைச் சட்டத்திலேயே வைத்திருந்தார்கள். 1787-ல் எழுதிய சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை.

ஆகவே, என் தீர்ப்பு இது: மனித குலம் அமைதியாக ஒன்றுபட முடியும். ஆனால் எந்த ஒற்றுமைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பும் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இந்த மண்டபத்துக்கு வெளியே நிற்கிறவன் யார்? உள்ளே அநியாயம் நடந்தால் ஓடி நிற்க இடம் எங்கே? இரண்டுக்கும் பதில் இல்லாத ஒற்றுமை, கையெழுத்திட்டவர்களுக்கு அமைதியாகத்தான் இருக்கும்.

வில்லியம் லீயைப் பாதியில் விட்டுவிட்டேன். 1799-ல் இறந்த வாஷிங்டன், தம் உயிலில் ஒரே ஒருவருக்கு உடனடி விடுதலை எழுதி வைத்தார். அது லீக்கு. ஆண்டுக்கு 30 டாலர் ஜீவனாம்சமும் எழுதினார். அதற்குள் இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. லீ எங்கும் போகவில்லை. அந்தப் பண்ணையிலேயே உட்கார்ந்து செருப்புத் தைத்தார். பழைய போர் வீரர்கள் அந்த வழியாக வந்தால் அவரைத் தேடிப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டுப் போவார்களாம்.

பட்டிமன்றத்தில் கேள்வி கேட்ட பெண்ணின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அவள் இதைப் படிக்க நேர்ந்தால், அன்று நான் சொன்ன தீர்ப்பை மாற்றி எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அம்மா, நீதான் ஜெயித்தாய்.